மேலே இன்னொரு கம்பி இருந்தது

பாராமோட்டாரில், அதாவது முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு துணி இறக்கையில், ஆறு வருடமாகப் பறக்கிறேன். போன மாதம் நடந்ததை எழுதிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம்.

காலை வெயில் எதிரே. வயலை ஒட்டி முப்பது அடியில் போய்க்கொண்டிருந்தேன். தாழப் பறந்தால்தான் வேகம் தெரியும், அந்த ஆசைதான். குறுக்கே மின்சார டவர் லைன் போவது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ தடவை தாண்டியதுதான். அன்று பின்காற்று. தரைவேகம் கூடிவிட்டது, ஏற்றமோ அதே மெதுவான ஏற்றம். தடித்த கம்பிகளைப் பார்த்ததும் மேலே ஏற த்ராட்டிலை முழுதாக அழுத்தினேன். தாண்டியாச்சு என்று மூச்சு விடும்போது என் ஷூவுக்குக் கீழே ஒரு கோடு ஓடியது. டவர் உச்சியிலிருந்து உச்சிக்குப் போகும் எர்த் கம்பி. இடியிலிருந்து லைனைக் காப்பாற்றப் போட்டது, மற்ற கம்பிகளைவிட மெல்லியது. நான் அதைப் பார்க்கவே இல்லை. இறங்கிய பிறகு ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை.

*

அண்ணா, திட்டவில்லை, எனக்கும் நடந்திருக்கிறது. இணையாகப் போகும் இரண்டு கம்பிகளில் மேலே இருப்பது தள்ளி இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அதிலிருந்து கம்பியைத் தேடுவதையே விட்டுவிட்டேன். கம்பத்தைத்தான் தேடுவேன். குறுக்குச் சட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் கம்பி வடக்கு தெற்காகப் போகிறது என்று அர்த்தம். தாண்டியே ஆகவேண்டுமென்றால் டவருக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில். பள்ளத்தாக்கில் மட்டும் இதை நம்ப வேண்டாம். கம்பம் இரண்டும் மரத்துக்குள் ஒளிந்திருக்கும், கம்பி மட்டும் நடுவில் தொங்கும்.

*

நான் பாராகிளைடர், மோட்டார் இல்லாமல் பறப்பது. கூட வந்தவர் லேண்டிங்கில் துணி இறக்கை மின்கம்பியில் மாட்டி, ஆளுயரத்தில் தொங்கினார். லைன் ட்ரிப் ஆகி தானாக நின்றுவிட்டது, கரண்ட் இல்லை என்று காலைப் பிடித்து இழுக்க ஓடினோம். பக்கத்து நிலத்துக்காரர் கத்தித் தடுத்தார். ட்ரிப் ஆன லைனில் சில நொடியில் தானாகவே மறுபடி கரண்ட் விடும் அமைப்பு உண்டாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே பொறி பறந்தது. மின்வாரியத்தார் வந்து லைனை எர்த் செய்யும்வரை தள்ளியே நின்றோம். தொங்கியவருக்குத் தொடையில் தீக்காயம், உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

*

பலூன் பக்கமிருந்து ஒன்று. 2012 ஜனவரியில் நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் பலூன் மின்கம்பியில் மோதி 11 பேரும் இறந்தார்கள். ஏறித் தாண்டப் பார்த்திருக்கிறார்கள். வேகமாக இறக்கியிருக்க வேண்டும் என்றது விசாரணை. ஏறினால் ஆட்களும் கேஸ் சிலிண்டரும் இருக்கும் கூடை கம்பிக்கு நேராக வரும், இறங்கினால் துணிதான் மாட்டும். 2016இல் டெக்சஸின் லாக்ஹார்ட்டில் இன்னொரு பலூன் மின்கம்பியில் மோதியது, 16 பேர் இறந்தார்கள். அண்ணன் த்ராட்டிலை அழுத்தினேன் என்றதும் கார்ட்டர்டன்தான் ஞாபகம் வந்தது. திரும்ப இடம் இருந்ததா?

*

இருந்தது. இடது பக்கம் முழுக்கத் திறந்த வயல். திரும்பத் தோன்றவே இல்லை. நேற்று அந்த லைனுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். அங்கே இருக்கிறது என்று தெரிந்தும், எர்த் கம்பி கண்ணில் பட ரொம்ப நேரம் ஆயிற்று.