எம்.பி. 412 கேள்வி கேட்டிருக்கிறாராம். இதை வைத்து என்ன சொல்வது?

காவிரிக்கரை:
எங்கள் தொகுதி எம்.பி. பெயரில் வீட்டுக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. வழவழப்பான தாள், நாலு கலர். வருகை 91 சதவீதம், கேள்விகள் 412, விவாதங்கள் 46 என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். என் மச்சான் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ‘இதுக்கு மேல என்னய்யா வேணும்?’ என்று ஒரே ஆட்டம்.

நான் உட்கார்ந்து அதில் பத்துப் பதினைந்து கேள்விகளைத் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் ‘இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, மாநில வாரியாக விவரம் தருக’ என்கிற ரகம். அதே கேள்வியை அதே வார்த்தைகளில் இன்னும் நாலைந்து எம்.பி.க்களும் கேட்டிருக்கிறார்கள். பதிலும் இணையத்தில் ஏற்கெனவே கிடக்கிற அட்டவணைதான்.

அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று ஓர் உறுப்பினர் உண்மையிலேயே குடைகிறாரா, சும்மா எண்ணிக்கை ஏற்றுகிறாரா என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசென்னைவாசி:
வருகைக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் வருகை என்றுதான் பல வருடம் இருந்தது. அப்புறம் கேன்டீனில் இருந்தாலும் கணக்கில் சேர்ந்தது. அமைச்சர்கள் வருகை பதிவதே இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அதனால் எம்.பி.க்களின் அவைப் பணியைத் தொகுத்துப் போடும் பிஆர்எஸ் மாதிரி தளங்களில் அவர்களுக்கு இந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும். அதைப் பார்த்து ‘அமைச்சர் வேலையே செய்யவில்லை’ என்று ஒருவர் இங்கே போன மாதம் சண்டை போட்டார்.

பச்சைமை:
தம்பி, நான் கணக்குத் தணிக்கையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 சாதாரணக் கேள்விகள் பட்டியலாகும். சாதாரணக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு முடிந்தது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் இருபதில் சிலதான் வாய்மொழிக்கு வரும். உங்கள் 412-ல் எத்தனைக்கு அவர் எழுந்து துணைக் கேள்வி கேட்டார் என்று பாருங்கள். முதல் கேள்வியை உதவியாளர் எழுதிக் கொடுத்துவிடுவார். பதிலைக் கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே கேட்க வேண்டிய இரண்டாவது கேள்விக்கு, தானே படித்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு மாவட்ட அலுவலகத்தில் தண்ணீர் லாரி கணக்கைத் தணிக்கை செய்தோம். கோடைக்கு வாடகைக்கு எடுத்த லாரி, ஆனால் மழைக்காலத்திலும் ஓடியிருக்கிறது. லாக் புத்தகத்தைப் புரட்டினால் ‘செப்டம்பர் 31’ என்று தேதி போட்டு, நடை 22 என்று எழுதி, கீழே அலுவலர் கையெழுத்து. நான் ஆஃப் மார்ஜின் போட்டேன். (வெளியாட்களுக்கு: தாளை நெடுக்காக மடித்து, ஒரு பாதியில் நாங்கள் கேள்வி எழுதுவோம், மறுபாதியில் அவர்கள் பதில் எழுதுவார்கள்.) பதில் வர நாலு வருடம் ஆனது. ‘எழுத்துப் பிழை’ என்று ஒரே வரி.

அது தணிக்கைப் பத்தியாகி, அறிக்கையில் அச்சாகி, சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்குப் (தணிக்கை அறிக்கையை வைத்து அதிகாரிகளை விசாரிக்கும் உறுப்பினர் குழு) போனது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் எங்கள் அதிகாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர்களில் பலர் பத்தியைப் படிக்கவே இல்லை, பார்த்தாலே தெரியும். ஒருவர் மட்டும் எழுந்தார். முன்பு லாரி வைத்திருந்தவராம். கட்சி சொல்ல மாட்டேன். செப்டம்பர் 31-ஐ அவர் தொடவே இல்லை. ‘லாரி ரொப்ப எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் இறக்க எவ்வளவு நேரம்? தூரம் எவ்வளவு?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதிகாரி சொல்லச் சொல்ல, கையில் இருந்த அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். ‘ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். 22 நடைக்கு 33 மணி நேரம். உங்க ஊர்ல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சார்?’ அறையில் சத்தமே இல்லை. தேதியை எழுத்துப் பிழை என்று தள்ளிவிடலாம், இதை எப்படித் தள்ளுவது? பணம் திரும்பப் பிடிக்க உத்தரவு வந்தது.

அவர் பேரவையில் பேசிய விவாதங்கள் கையெண்ணிக்கைகூட இருக்காது. துண்டறிக்கை அடித்திருந்தால் கட்டத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறியிருக்காது.

காவிரிக்கரை:
ஐயா, 33 மணி நேரத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் அது குழு அறை. அவையில் எழுந்து பேசி ஏதாவது நடந்திருக்கிறதா?

பச்சைமை:
நடந்திருக்கிறது. பெரோஸ் காந்தி. 1952-ல் மக்களவைக்கு வந்தவர், சொல்லிக்கொள்கிற மாதிரி முதலில் பேசியது 1955 டிசம்பரில்தான். அதுவரை பின் வரிசை மௌனி. ஆனால் எழுந்தபோது தொழிலதிபர் டால்மியாவின் காப்பீட்டு நிறுவனக் கணக்குகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது.

பெரிய சம்பவம் 1957 டிசம்பர் 16. எல்ஐசி பிறந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அது கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது, தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே. பெரோஸ் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமருக்கு மருமகன். எந்தத் தேதியில் பங்கு என்ன விலை, எல்ஐசி என்ன விலை கொடுத்தது என்று கணக்கோடு வந்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னால் விசாரித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் மெட்ராஸ்காரர், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவையில் பேசியதைப் பத்திரிகைகள் வழக்குப் பயமில்லாமல் வெளியிட 1956-ல் சட்டம் வந்ததே, அது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. நெருக்கடி நிலையில், 1976-ல், அவர் மனைவியின் அரசே அதை ரத்து செய்தது. 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது.

திருப்பூர்_ராஜா:
கதை நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனால் என் வார்டில் நிழற்குடை வேண்டும் என்றால் விவாதமா வந்து கட்டித் தரும்? தொகுதி நிதி 5 கோடியை ஒழுங்காகச் செலவு செய்தால் போதும், நான் ஓட்டுப் போடுவேன்.

பச்சைமை:
ராஜா, நிழற்குடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் வெயிலில் நிற்பவன்தான். ஆனால் இரா. செழியன் என்று ஒருவர் இருந்தார். பெரம்பலூரிலும் கும்பகோணத்திலும் ஜெயித்தவர், 1971 முதல் 1973 வரை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். தொகுதி மேம்பாட்டு நிதியே கூடாது என்று ஒரு நூலே எழுதினார். என் அனுபவத்தில் அவர் பக்கம்தான் நியாயம். செலவைக் கேள்வி கேட்க அனுப்பிய ஆளிடமே செலவுப் பட்டியலைக் கொடுத்தால், கலெக்டர் அலுவலகத்தில் தன் வேலைக்கு அனுமதி கேட்டு நிற்பவர், அதே அலுவலகத்தின் மற்ற செலவுகளைக் குடைவாரா? திட்டம் 1993-ல் ஆளுக்கு 5 லட்சத்தில் தொடங்கியது. இப்போது வருடம் 5 கோடி.

மொத்த பட்ஜெட்டோடு வைத்துப் பாருங்கள், இது தூசு. 2018 மார்ச்சில் எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும் (செலவுக்கு அவையின் அனுமதி கேட்பவை) விவாதமே இல்லாமல் கில்லட்டின் போட்டு, அதாவது ஒட்டுமொத்தமாக ஓட்டுக்கு விட்டு, நிறைவேற்றினார்கள். 2023-லும் அதேதான். அந்த இரண்டு நாளும் ‘வருகை’ பதிவாகியிருக்கும்.

வடசென்னைவாசி:
பொதுக் கணக்குக் குழு கூட்டங்கள் மூடிய கதவுக்குள்தானே நடக்கின்றன? யார் என்ன கேட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

பச்சைமை:
யார் என்ன கேட்டார் என்பது தெரியாதுதான். அந்த லாரிக்காரர் கேட்டதும் எந்த அறிக்கையிலும் அவர் பெயரோடு வரவில்லை. குழு முழுக்கவும் ஒரே குரலில்தான் அறிக்கை தரும், மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதக்கூட இடமில்லை. 2011-ல் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விஷயத்தில் ஒரே குரல் வராமல் போய், வரைவறிக்கையே சந்தி சிரித்தது.

ஆனால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. குழு அறிக்கையின் கடைசியில் கூட்டக் குறிப்புகள் அச்சிட்டிருப்பார்கள். எந்தத் தேதியில் யார் யார் வந்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் அதில் உண்டு. பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர்தான், மக்களவையில் 15, மாநிலங்களவையில் 7, அமைச்சர்கள் இருக்க முடியாது. உங்கள் எம்.பி. அதில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு துறைசார் நிலைக்குழுவில் அநேகமாக இருப்பார். அங்கே மாற்றுக் குறிப்பு எழுத அனுமதியும் உண்டு. எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் பதில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் வைக்க வேண்டும், அதைத் துரத்தவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் எம்.பி.க்கு அப்படிப் பதில் வந்ததா, வந்த பிறகு அவர் திரும்பக் கேட்டாரா?

காவிரிக்கரை:
நேற்று ராத்திரி இரண்டு மணி வரை நிலைக்குழு அறிக்கைகளைத் திறந்து பின்பக்கத்தில் இருந்து படித்தேன். மூன்று அறிக்கைகளில் மொத்தம் 11 கூட்டங்கள். எங்கள் ஆள் பெயர் 4-ல் இருக்கிறது. மாற்றுக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம் பற்றி இரண்டு நட்சத்திரக் கேள்விகள். இரண்டாவதில் ஒதுக்கிய தொகை ஏன் செலவாகாமல் திரும்பிப் போனது என்று துணைக் கேள்வி கேட்டிருக்கிறார். அது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அமைச்சர் சொன்ன பதில் ‘தகவல் திரட்டப்படும்’. ஐந்து மாதம் ஆகிறது.

துண்டறிக்கையின் பின்னால் அவர் அலுவலக முகவரி இருக்கிறது. அந்தப் பதிலின் தேதியையும் எண்ணையும் எழுதி ஒரு தபால் அட்டை போடப் போகிறேன். ஐயா, மரியாதையாக எப்படித் தொடங்குவது?

பச்சைமை:
‘மேம்பாலம் தொடர்பான தங்கள் துணைக் கேள்விக்கு நன்றி’ என்று தொடங்குங்கள். தேதியைச் சரிபார்த்துப் போடுங்கள். செப்டம்பர் 31 என்று எழுதிவிடாதீர்கள்.