அடுப்பும் கல்லும் மாறியபோது தட்டில் மாறியவை

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊரில் 1970கள் வரை இட்லி என்பது தீபாவளிக்கும் நோன்புக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரிய பண்டமாக இருந்தது என்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நெல்லுச்சோறு அரிதாக இருந்தது ஒரு காரணம்தான் என்றாலும், அதைவிடப் பெரிய காரணம் ஆட்டாங்கல். பகலெல்லாம் காட்டு வேலை செய்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் என் அம்மாயி (அம்மாவின் அம்மா), பெரிய குடும்பத்துக்கு மாவாட்ட வேண்டுமென்றால், ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டும் மறு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டும் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றாடத்துக்கு அது கட்டுப்படியாகாது. கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும் சுலபமானவை என்று இதற்குப் பொருளல்ல. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமி போகப் புடைத்து, மறுபடியும் இடிக்க வேண்டும். ஆனால் ஒருமுறை ஆக்கிவிட்டால் மறுநாள் காலையில் மோரூற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்பதே அதன் பயன்.

மின்சாரத்தால் ஓடும் மாவரைக்கும் கல்லைக் கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கினார். நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930களிலேயே வந்துவிட்டதால் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார் தொழிலும் வேரூன்றியிருந்த ஊர் என்பதால், கல்லையும் மோட்டாரையும் இணைக்கும் எண்ணம் அங்கே தோன்றியதில் வியப்பில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. ஆட்டாங்கல்லில் கல் அப்படியே நிற்கக் குழவி சுழலும். கிரைண்டரிலோ குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழல விட்டார்கள். அந்த முதல் கிரைண்டரைக் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும் என்றாலும், அது வந்த சில ஆண்டுகளுக்குள் காலையில் இட்லியும் இரவில் தோசையும் என்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியும் வந்து சேர்ந்தபின், ஒரு நாள் ஆட்டிய மாவு பல நாட்களுக்கு வந்தது. கம்பை விட்டுவிடுவோம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. உரல் வாசலுக்குப் போனது, பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாயிற்று.

கிரைண்டர் இல்லாத வீடுகளில் இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது. காசு கொடுத்து மாவரைக்கும் கடைக்குப் போய், ஊறவைத்த அரிசித் தூக்கோடு வரிசையில் நிற்பதே பல பெண்களுக்கு மாலை நேரத்து வேலையாக இருந்தது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாயானதும், 2011இல் அதுவே இலவசமானதும், அதே ஆண்டு செப்டம்பரில் அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியதும் எங்கள் தெருவின் சமையலை மாற்றிய அளவுக்கு எந்தச் சமையல் நிகழ்ச்சியும் மாற்றவில்லை என்பது என் கருத்து. அத்திட்டத்தைக் கேலி செய்தவர்களில் மாவாட்டியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இப்போது சிறுதானியத்துக்கு மறுபடியும் மரியாதை வந்திருக்கிறது. நகரத்து உணவகம் ஒன்றில் மண்சட்டியில் கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்தபோது, உடன் வந்திருந்த அம்மாயி அதைத் தொடக்கூட இல்லை. தனக்கு நெய் ரோஸ்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் கல்லைப் பற்றிச் சொன்னதை நான் தீயைப் பற்றிச் சொல்வேன். விறகடுப்புக்கு அருகில் கொடியடுப்பு ஒன்று இருக்கும். நேரடித் தீ இல்லாமல் பக்கத்திலிருந்து வரும் அனல் மட்டுமே அதற்கு. ஈயச்சொம்பில் ரசம் வைப்பது அந்த அனலுக்கு ஏற்றதாக இருந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும் உலோகம் ஆதலால், எரிவாயு அடுப்பில் அதை ஏற்றும்போது உள்ளே நீர் இருந்தால்தான் அது தப்பிக்கும். சற்றுக் கவனம் பிசகினால் சொம்பு ஒரு பக்கம் வழிந்துவிடும். எங்கள் வீட்டுச் சொம்பு அப்படித்தான் போனது. அதன்பின் ரசம் எவர்சில்வருக்கு மாறியது, சுவையும் மாறியது.

குக்கர் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று, அது கஞ்சி. வெண்கலப் பானையில் வடித்த சாதத்தின் கஞ்சியில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடித்தது போக, மீதி வேட்டிக்கும் புடவைக்கும் மாட்டுக்கும் போகும். குக்கரில் வடிப்பதற்கு எதுவும் இல்லை. அதற்காக நான் பானைக்குத் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

உங்கள் இருவருடைய அனுபவத்திலும் மாற்றம் முன்னோக்கி மட்டுமே போயிருக்கிறது. எங்களுடைய குசினி (சமையலறை) பின்னோக்கியும் போய் வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால், ஜாம் போத்தல் விளக்குக்கே அதைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்தோம். அடுப்புக்குப் பொச்சுமட்டை, கங்குமட்டை, ஊமல் என்று தென்னையும் பனையும் தந்தவைதான். புட்டு அவிப்பதற்கு அது போதுமானதாகவே இருந்தது. போர் முடிந்தபின் வீட்டைத் திருத்தியபோது புகைபோக்கியை இடித்து, தரைக்கு ஓடு பதித்து, எரிவாயு அடுப்புக்கேற்ற குசினியாக மாற்றினோம்.

2022இல் நாட்டில் எரிவாயு இல்லாமற் போனபோது அந்தக் குசினிக்குள் விறகு மூட்ட வழியில்லை. வளவில் (வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில்) மூன்று கல்லை வைத்து அம்மம்மாதான் அடுப்பு மூட்டினார். ஈர விறகை எப்படி அடுக்குவது, எப்போது விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலில் விடுவது என்பதெல்லாம் வீட்டில் அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. கொழும்பில் தொடர்மாடிக் குடியிருப்பில் இருந்த தங்கைக்கு அந்த வசதியும் இல்லை. மின்சார அடுப்பு வாங்கினாள், மின்வெட்டில் அதுவும் உதவவில்லை. அந்த மாதங்களில் அவளுடைய வீட்டில் பாணும் (ரொட்டியும்) சம்பலுமே பெரும்பாலும் இரவுச் சாப்பாடு, பாணின் விலையும் ஏறிக்கொண்டே இருந்தது.

எரிவாயு திரும்பக் கிடைத்தபின்னும் வளவு அடுப்பை நாங்கள் கலைக்கவில்லை. காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் பெரிய பானையை அதில்தான் ஏற்றுகிறோம். மற்ற நாட்களில் புகைக்குள் நின்று சமைக்க முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் நியாயம் என்று நானும் நினைக்கிறேன். கூழ் நாளில் தீயைப் பார்ப்பது இப்போது என் பொறுப்பு.