சவுக்கு வேர் முடிச்சு பூஞ்சையா? மரவேர் பூஞ்சை புராஜெக்ட் டெல்டாலயே பண்ண முடியுமா?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பாட்டனி ரெண்டாம் வருஷம், ஊரு மன்னார்குடி பக்கம். மரவேருக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவத்தான் புராஜெக்டா எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா படிக்கிற பேப்பர் பூரா பைன், ஓக், குளிர் காடுன்னே இருக்கு, நம்ம பக்கம் வயலும் வாய்க்காலும்தான். போன வாரம் ஆத்துப் படுகைல பூவரசு அடியில தோண்டி வேர கழுவி லென்ஸ் வச்சு பாத்தேன், வெள்ளையா ஒண்ணுமே ஒட்டல. சித்தப்பா சவுக்குத் தோப்புல தோண்டுனா வேர்ல பவளம் மாதிரி கொத்துக் கொத்தா முடிச்சு, ஒண்ணு எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சு. அதுதான் பூஞ்சையா? இல்ல கொடைக்கானல் போய்த்தான் ஆகணுமா? அங்க தங்கி சாம்பிள் எடுக்க வீட்ல வசதி இல்ல.

மண்வாசம்:
தம்பி, அந்த முடிச்சு பூஞ்சை இல்ல, பிரான்கியாங்கிற பாக்டீரியா, காத்துல உள்ள நைட்ரஜன மரத்துக்கு புடிச்சுக் குடுக்குது. 1885ல மைக்கோரைசாங்கிற பேர (வேரும் பூஞ்சையும் சேந்து வாழுற உறவு) வச்ச ஜெர்மன்காரர் ஃபிராங்க் நினைவாத்தான் அதுக்கும் அந்தப் பேரு, அதனால நீ தப்பான எடத்துல நிக்கல. அதே சவுக்கு வேருக்குள்ள பூஞ்சையும் இருக்கும், ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பைன் மரத்துல பூஞ்சை வேர் நுனிய வெளியிலேந்து உறை மாதிரி போத்திக்கும், நுனி கவட்டை மாதிரி பிரிஞ்சு நிக்கும், அது பாத்தா தெரியும். நம்ம பூவரசு, வேம்பு, புங்கை, தேக்கு எல்லாம் வேற வகை, பூஞ்சை வேர் செல்லுக்குள்ளயே போய் குட்டி மரம் மாதிரி கிளை விடும், அங்கதான் கொடுக்கல் வாங்கல். மரம் சர்க்கரையும் கொழுப்பும் குடுக்கும், பூஞ்சை வேர்முடி எட்டாத எடத்துலேந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொண்டு வரும்.

சாயம் ஏத்தினாத்தான் தெரியும். அரை அடி ஆழத்துக்குள்ள நூல் மாதிரி மெல்லிசு வேரா எடு, தடி வேர்ல ஒண்ணும் இருக்காது. மரத்தடிலேந்து வேர தொடர்ந்து போய் எடு, இல்லன்னா பக்கத்து புல்லு வேர எடுத்துட்டு மரம்னு எழுதிடுவ. 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல வேர் வெளுக்குற வரைக்கும் காய்ச்சு (கையுறை போட்டுக்க, தோல அரிச்சிடும்), நல்லா அலசிட்டு வினிகர்ல 5 சதவீதம் பேனா மை கலந்து மூணு நிமிஷம் கொதிக்க விடு. 1998ல வந்த முறை, டிரைபன் ப்ளூங்கிற லேப் சாயம் வாங்க காசு வேணாம். அப்பறம் ரெண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணில அலசி ஸ்லைடு போடு.

வேதாரண்யம்_விவசாயி:
சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். கஜா புயல்ல தோப்பு பூரா சாஞ்ச பிறகு புதுசா வச்ச சவுக்கு கன்னுக்கு வேம் (VAM, இந்த வேர் பூஞ்சை கலந்த பொடி) வாங்கி மேலாக்க தூவுனேன், கூடவே மணிச்சத்து உரமான டிஏபியும் அள்ளிப் போட்டேன், ஒரு பலனும் தெரியல. பொடி வேர்ல படணும், மணிச்சத்து மண்ணுல கொட்டிக் கெடந்தா வேர் பூஞ்சைய சேத்துக்காதுன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. அடுத்த தடவ நாத்துப் பைலயே விதைக்கு கீழ வச்சேன், கன்னு ஒரே சீரா வந்துச்சு. உரம் போட்ட தோப்பு, போடாத தோப்பு ரெண்டுலயும் வேர் எடுத்துப் பாருங்க தம்பி, எங்களுக்கும் உபயோகமா இருக்கும். கோடியக்கரை காட்டுல பாலை மரமெல்லாம் இருக்கு, ஆனா அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாம ஒரு வேர் கூட தொடாதீங்க.

கீழத்தஞ்சை_அக்கா:
நான் சொல்றது உனக்கு கொடைக்கானல்ல கெடைக்காது தம்பி. தண்ணி தேங்குன நடவு வயல்ல காத்து இல்லாததால நெல்லு வேர்ல பூஞ்சை ரொம்ப கம்மியா இருக்கும், புழுதி விதைப்புல கூடுதலா இருக்கும். அதே வயலோட வரப்புல ஒரு மரம் நிக்கும்ல, அந்த மரம், வரப்போர நெல்லு, நடுவயல் நெல்லுன்னு வரிசையா எடு. வாய்க்கால் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பிறகு ஒரு தடவ. நான் மட்டும் இப்ப படிச்சுக்கிட்டு இருந்தா இதத்தான் எடுப்பேன்.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றி சார், அண்ணா, அக்கா. நேத்து பூவரசு வேர மையில போட்டு பாத்தேன், மூணாவது ஸ்லைடுல நீலமா நீளவாக்குல முட்டை முட்டையா வேருக்குள்ள வரிசையா இருந்துச்சு, கை நடுங்கிடுச்சு. இதுதான் அதா?

மண்வாசம்:
அது பூஞ்சை கொழுப்பு சேத்து வைக்கிற பை, வெசிக்கிள். கிளை கிளையா உள்ளது சில நாள்லயே கரைஞ்சிடும், அதனால இளசு வேரா எடுத்து மைக்ராஸ்கோப்புல 40எக்ஸ் லென்ஸ் வச்சு தேடு.