மெடிக்கல் ஷாப்பில் நோயாளி விவரம்: யாரிடம் எதைச் சொல்லலாம்?

கவுண்டர்பக்கம்:
வணக்கம். சின்ன ஊர் மெடிக்கல். மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்குகிறோம், பில் எஸ்எம்எஸ்ஸாகப் போகிறது, எச்1 நோட்டு (எச்1 பட்டியல் மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் பதிவேடு) கவுண்டர் மேலேயே கிடக்கிறது. "எங்க வீட்டுக்காரர் என்ன மாத்திரை வாங்கினார்?" என்று கேட்டும் வருகிறார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது?

மருந்தாளர்:
2015 பார்மசி நடைமுறை விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளி ரகசியத்தை மருந்தாளர் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை விலக்கு. மனைவி கேட்டாலும் இதேதான்.

ஆனால் சீட்டோடு மருந்து வாங்க வருகிறவர் வேறு. அவரிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்து, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லியே ஆக வேண்டும். எந்த நோய்க்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டில்லாமல் விசாரிக்க மட்டும் வருகிறவரிடம் "அவர் இங்கே வாங்கவில்லை" என்றும் சொல்லாதீர்கள். இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நாளைக்கு மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பதிலாகிவிடும். "யாரைப் பற்றியும் நாங்கள் சொல்வதில்லை" என்று எல்லோருக்கும் ஒரே பதில் வையுங்கள்.

எச்1 நோட்டை உடனே உள்ளே எடுங்கள். மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் அதில் ஒரே வரியில் வருகிறது. ரிஃபாம்பிசின் என்று இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே காசநோய் என்று புரியும். 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். வேறு யாரும் புரட்டிப் பார்க்க அதில் வேலையில்லை.

பில்லிங்மணி:
கசிவு பெரும்பாலும் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான். கையிருப்பு இல்லாத மருந்துக்காகச் சீட்டுப் படத்தை அப்படியே ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனையாளர்) குரூப்பில் போடும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். மருந்தின் பெயர், மி.கி., எண்ணிக்கை மூன்றையும் தட்டச்சு செய்தால் போதும். கடைக்குத் தனி போன் வைத்து, வாட்ஸ்அப்பில் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சீட்டெல்லாம் கேலரிக்குப் போய், அங்கிருந்து கிளவுடுக்கும் ஏறும். ஊழியர் வேலையை விட்டால் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்த்து அவருடைய இணைப்பை அன்றே நீக்குங்கள்.

எஸ்எம்எஸ் பில்லைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரே எண்ணில் குடும்பமே பதிவாகியிருக்கும். மகள் வாங்கிய கருத்தடை மாத்திரையின் பெயர் அப்பா போனுக்குப் போகும். செய்தியில் தொகையும் பில் எண்ணும் மட்டும் வரும்படி மாற்றச் சொல்லுங்கள். எண்ணைத் தட்டினால் எல்லோருடைய பழைய பில்லும் வரும் மென்பொருளில், ஆளுக்கு ஒரு கணக்காகப் பிரித்து வையுங்கள்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் படங்களுக்கும் மென்பொருளுக்கும்தான். டிஜிட்டல் ஆக்காத காகித நோட்டு அதில் வராது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. கடைகளுக்கான கடமைகளில் பெரும்பாலானவை 18 மாதம் கழித்து அமலாகும். கைவசம் அவகாசம் இருக்கும்போதே பழைய படங்களைக் களைந்துவிடுங்கள்.

கவுண்டர்பக்கம்:
நன்றி. காசநோய் மருந்து கொடுத்தால் அரசுக்குச் சொல்வது ரகசிய மீறல் ஆகாதா? போலீஸ் வந்து கேட்டால்?

மருந்தாளர்:
ஆகாது. மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி காசநோய் மருந்து விற்கும் கடை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்‌ஷய் வழியே செய்யலாம். அதைக் கடையில் வேறு யாரிடமும் பேசாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

போலீஸ் என்றால் வாய்மொழிக்குக் கொடுக்காதீர்கள். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவின்படி எழுத்து உத்தரவு கேளுங்கள். அதில் குறிப்பிட்ட ஆவணத்தை மட்டும் கொடுத்து, ஒப்புகை வாங்கி, நகலும் வைத்துக்கொள்ளுங்கள். எச்ஐவி விவரம் தனி: 2017 எச்ஐவி சட்டப்படி நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வெளியே போகக் கூடாது. எச்ஐவி மருந்து விவரம் கேட்டு உத்தரவு வந்தால், கொடுக்கும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

பில்லிங்மணி:
இன்னொன்று. காலம் முடிந்த நோட்டையும் ஜெராக்ஸையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பொட்டலம் மடிக்க வந்துவிடும். கிழித்து நனைத்துப் போடுங்கள், அல்லது ஷ்ரெட்டரில் விடுங்கள்.