இயங்குதளத்தோடு கூடவே வர வேண்டிய நிரல்கள் எவை?

படிப்பகத் தொண்டன்:

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு எட்டு பழைய மேசைக்கணினிகள் நன்கொடையாகக் கிடைத்துள்ளன. ஒவ்வொன்றிலும் 4 ஜிபி நினைவகமும் 500 ஜிபி வன்தட்டும் இருக்கின்றன. வன்தட்டுகளை முழுவதும் அழித்துவிட்டே கொடுத்ததால் உபுண்டு 24.04 என்ற இயங்குதளத்தை நிறுவலாம் என்று முடிவு செய்தோம். படிப்பகத்தில் இணையம் என்பது என் கைப்பேசியிலிருந்து பகிரும் ஹாட்ஸ்பாட் மட்டுமே, அதுவும் நாளொன்றுக்கு 2 ஜிபி. ஆகவே ஏறத்தாழ 6 ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பைச் சென்னையில் இருக்கும் என் அக்காள் மகன் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான்.

முதல் கணினியில் நிறுவி முடித்துப் பட்டியலைத் திறந்தால் உலாவி இருக்கிறது, பிடிஎஃப் படிக்கும் செயலி இருக்கிறது, கணிப்பான் இருக்கிறது. ஆனால் ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்யவோ கணக்கை அட்டவணையில் போடவோ எதுவும் இல்லை. மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கை மறுநாளே கணினியில் ஏற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது.

"இயங்குதளம் என்றால் இயக்குவதற்குத்தான், மற்றவை அவரவர் விருப்பம்" என்கிறான் அக்காள் மகன். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, "அந்தக் காலத்து விண்டோஸில் படம் வரைவதிலிருந்து சீட்டாட்டம் வரை எல்லாம் கூடவே வந்தனவே, அது தவறா?" என்று கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எவை கூடவே வர வேண்டும், எவற்றைப் பயனரிடம் விட்டுவிட வேண்டும் என்பதை எந்த அளவுகோலை வைத்துத் தீர்மானிப்பது?

குறுக்குவிசை:

முதலில் உங்கள் அவசரத்துக்கு ஒரு செய்தி. நிறுவும்போது வரும் திரைகளில் ஒன்று, இயல்பான தேர்வு வேண்டுமா விரிவான தேர்வு வேண்டுமா என்று கேட்கும். முதலாவது ஏற்கெனவே தேர்வாகி இருப்பதால் பலரும் படிக்காமலே அடுத்த திரைக்குப் போய்விடுகிறோம். லிப்ரெஓபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பு, காணொளி ஓட்டும் செயலி, சில விளையாட்டுகள் ஆகியவை விரிவான தேர்வில் அடங்கும். அவையும் நீங்கள் கொண்டுவந்த அதே கோப்புக்குள்தான் இருக்கின்றன. மறுபடி நிறுவினால் இணையம் இல்லாமலேயே எல்லாம் வந்துவிடும். மீதி ஏழு கணினிகளுக்கும் அப்படியே செய்யுங்கள். 4 ஜிபி நினைவகத்தில் உபுண்டுவின் வழக்கமான மேசைத்தளம் சற்று மூச்சு வாங்கும் என்பதால் அதன் இலகுவான வடிவமான லுபுண்டுவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அளவுகோல் பற்றி: உபுண்டுவின் முதல் வெளியீடு 2004 அக்டோபரில் வந்தபோது எல்லாம் ஒரே குறுந்தகட்டுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. எதைச் சேர்ப்பது என்று எவ்வளவு வாதாடினாலும், 700 எம்பிக்கு மேல் போனால் ஏதாவது ஒன்று வெளியேற வேண்டும் என்ற கட்டாயம் அந்த வாதத்தை முடித்துவைத்தது. 2010 ஏப்ரலில் வந்த 10.04 பதிப்பில் கிம்ப் என்ற படத்தொகுப்பு நிரலை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்தார்கள். நல்ல நிரல்தான், ஆனால் பெரும்பாலான பயனருக்குப் படத்தை வெட்டிச் சிறிதாக்கினால் போதும் என்ற நிலையில் அது அடைத்துக்கொண்ட இடம் அதிகம். 12.10 பதிப்பு குறுந்தகட்டின் அளவைத் தாண்டியது. அதற்குப் பிறகு கோப்பு ஊதிக்கொண்டே போனது. 2023 அக்டோபரில் வந்த 23.10 முதல் குறைவான நிறுவலை இயல்பாக்கினார்கள். கோப்பு 6 ஜிபியை நெருங்க, திரையில் தெரியும் நிரல்கள் மட்டும் குறைந்திருக்கும் விந்தை இப்படி நேர்ந்ததுதான். என்னைக் கேட்டால், இடம் இல்லை என்ற அந்தப் பழைய நெருக்கடிதான் சரியான தேர்வைச் செய்ய வைத்தது.

பழைய உலாவி:

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை போனது என்பதை இளையவர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியைப் பிரிக்க முடியாதபடி பிணைத்ததையொட்டி அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் 1998 மே மாதம் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று 2000-இல் நீதிபதி ஜாக்சன் ஆணையிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது, ஆனால் சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை நிலைநிறுத்தியது.

ஐரோப்பாவில் நடந்தது நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்ததோடு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பு ஒன்றையும் விற்க வேண்டும் என்றது. அப்படி வந்ததுதான் விண்டோஸ் எக்ஸ்பி "என்" (N) பதிப்பு. பாட்டு ஓட்டும் நிரல் இருக்கும் பதிப்பும் இல்லாத பதிப்பும் ஒரே விலை! குறைத்துக் கொடுத்ததை அதே விலைக்கு யார் வாங்குவார்கள்? கடையில் அது தூசி படிந்து கிடந்ததில் வியப்பில்லை.

2009-இல், உலாவியே இல்லாமல் விண்டோஸ் 7-ஐ ஐரோப்பாவில் விற்கப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்துப் பிறகு கைவிட்டது. உலாவி இல்லாத கணினியில் உலாவியை எதைக்கொண்டு பதிவிறக்குவது என்ற கேள்வி அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. கட்டளை வரியில் கோப்புகளை இறக்கும் எஃப்டிபி தெரிந்தவர்களுக்கு அது சிக்கலே இல்லை. மற்றவர்களுக்கு அது பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான். கடைசியில் 2010 மார்ச் முதல் ஒரு தேர்வுத் திரை வந்தது. அதில் பன்னிரண்டு உலாவிகள், முதல் பார்வைக்கு ஐந்து, வரிசை ஒவ்வொரு முறையும் கலைந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. கலைப்பதற்கு எழுதிய நிரலில் பிழை இருந்ததால் முதல் சில நாள்களில் சீட்டு ஒழுங்காகக் கலையவில்லை என்பது தனிக் கூத்து. 2011-இல் ஒரு புதுப்பிப்புக்குப் பின் பல கணினிகளில் அந்தத் திரை தோன்றவே இல்லை. அதற்காக 2013-இல் இன்னொரு 56.1 கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது.

இவ்வளவையும் சொல்லக் காரணம், உலாவி கூடவே வந்தது மட்டுமே சிக்கல் அன்று என்பதைச் சுட்டத்தான். அதை நீக்க முடியாமல் செய்ததும், கணினி விற்போர் வேறு உலாவியை முன்வைக்க முடியாதபடி கையைக் கட்டியதும் அமெரிக்க வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டன. ஆகவே என் அளவுகோல் இரண்டு பகுதி கொண்டது: எது இல்லாமல் மற்றவற்றைப் பெற வழியில்லையோ அது கூடவே வர வேண்டும், அப்படி வந்தது, பயனர் வேண்டாம் என்றால் சண்டை போடாமல் வெளியேறவும் வேண்டும். 2024 மார்ச் முதல் ஐரோப்பியச் சட்டத்தின் கட்டாயத்தால் அங்குள்ள பயனர்கள் மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியை நீக்கிவிட முடிகிறது. அதே வசதியை மற்ற நாட்டவருக்குத் தருவதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

செங்காந்தள்:

பழைய உலாவி ஐயா சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் உலாவிக்கும் முன்னால் நிற்கும் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்: எழுத்து.

2005 வாக்கில் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் மாலை நேர வேலை பார்த்தேன். அங்கிருந்த பத்துக் கணினிகளிலும் எக்ஸ்பி. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் சில இடங்களில் வெறும் கட்டங்கள், வேறு சில இடங்களில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளிகள் எழுத்தை விட்டு விலகி வட்டத்தின்மேல் மிதக்கும். இத்தனைக்கும் தமிழ் ஒருங்குறிக்கான (யூனிகோடு) ஆதரவும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000-இலேயே வந்துவிட்டவை. எக்ஸ்பியில் மண்டல அமைப்புகளுக்குள் போய், மொழிகள் என்ற தாவலில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற ஒரு சிறு பெட்டியில் குறியிட வேண்டும். குறியிட்டதும் அது எக்ஸ்பியின் குறுந்தகட்டைக் கேட்கும். கணினிகளை விற்ற கடைக்காரர் குறுந்தகடு எதுவும் கொடுத்திருக்கவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தகட்டை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பத்துக் கணினிகளையும் தமிழ் படிக்க வைத்தேன். கூடவே வருவது வேறு, நிறுவப்பட்டு வருவது வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

படிப்பது அப்படி என்றால், எழுதுவது அதைவிட மோசம். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றது. விண்டோஸுடனேயே அது வரத் தொடங்கியது விண்டோஸ் 10-இன் காலத்தில்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியே நிறுவ வேண்டிய தட்டச்சு மென்பொருள்களான இ-கலப்பையும் என்ஹெச்எம் ரைட்டரும்தான் நம்மைத் தாங்கின. அலுவலகக் கணினிகளில் புது மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் அதுவும் இல்லாமல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகிவிட்டார்கள்.

நோட்பேடை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 வரை அதன் இயல்பான குறியேற்றம், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி. தமிழில் எழுதிவிட்டுச் சேமிக்கப் போனால், இந்தக் கோப்பில் ஒருங்குறி எழுத்துகள் உள்ளன, அவை இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் மறுநாள் கோப்பைத் திறக்கும்போது வரிக்கு வரி கேள்விக்குறிகள் மட்டுமே இருக்கும். மீட்க வழியே கிடையாது. கூடவே வந்த நிரல்தான்; தமிழருக்கு அது வராமலே இருந்திருக்கலாம்.

அலுவலகத் தொகுப்பு இல்லை என்றால் தேடிப் பிடித்து இறக்கிக்கொள்வீர்கள். தமிழில் மட்டும் படிக்க எழுதத் தெரிந்த ஒருவர், தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில், அந்த விசைப்பலகையை எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவார்? எனவே மொழியின் எழுத்துருவும் உள்ளீட்டு முறையும்தான் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியவை.

படிப்பகத் தொண்டன் அவர்களுக்கு ஒரு குறிப்பு: உபுண்டுவின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 தென்படும், ஆனால் அது விசைக்கு எழுத்தைப் பொருத்துவதோடு நின்றுவிடும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் தானாகப் புள்ளி விழும் விதியெல்லாம் அதில் ஓடாது. அதற்கு ஐபஸ் எம்17என் என்ற சிறு மென்பொருள் பொதியை நிறுவுங்கள். உங்கள் கைப்பேசி இணைப்புக்கு அது ஒரு சுமையே இல்லை.

மூல அடைவு:

நான் மாற்றுக் கருத்துச் சொல்ல வந்திருக்கிறேன். வழங்கிகளை (சர்வர்) பராமரிப்பது என் தொழில் என்பதால் என் பார்வை ஒருபக்கமானதாக இருக்கலாம்.

கூடவே வரும் ஒவ்வொரு நிரலையும் அந்தப் பதிப்பின் ஆயுள் முழுவதும் யாரோ ஒருவர் காத்து வளர்க்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அடைக்க வேண்டும், பழைய நடத்தை மாறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடித்தளத்தில் பெர்ல் என்ற நிரல்மொழி வெகுகாலம் கூடவே வந்தது. அடித்தளம் நிதானமாக நகர, பெர்ல் வேகமாக வளர, பயனர்கள் எப்போதும் பழைய பெர்லோடு மல்லுக்கட்டினார்கள். 5.0 பதிப்பில் அதை அடித்தளத்திலிருந்து எடுத்துத் தனிப் பொதியாக்கினார்கள். ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸில் பைதான் 2.7 என்ற நிரல்மொழி இருந்த கதையும் இதுதான். அந்த மொழிக்கான ஆதரவு 2020 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆப்பிள் அதை எடுத்தது 2022 மார்ச்சில் வந்த 12.3 பதிப்பில். கணினியோடு வந்ததுதானே, எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய குறுநிரல்கள் அன்று நின்றுபோயின. கூடவே வரும் ஒன்று, பயனரின் கண்ணில் ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. அதை எடுப்பது சேர்ப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

இன்னொன்று, கூடவே வருவது இலவசமும் அன்று. டிவிடி ஓட்டும் திறனுக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. ஒளித்தட்டு இயக்கி இல்லாத மடிக்கணினிகள் பெருகிய பின்னும் ஒவ்வொரு கணினிக்கும் அதைக் கட்டுவானேன் என்றுதான் விண்டோஸ் 8-இல் அதை இயல்பிலிருந்து நீக்கினார்கள்.

இயங்குதளத்தார் சேர்ப்பது ஒருபுறம் இருக்க, கணினி தயாரிப்போர் சேர்ப்பதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2014 இறுதியில் லெனோவோ சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை முன்நிறுவி விற்றது. எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி தீர்மானிக்க உதவும் மூலச் சான்றிதழ்களோடு தன் சொந்தச் சான்றிதழையும் அது நுழைத்தது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே மறைவிசை. அந்த விசை வெளியானதும், வங்கித் தளத்துக்குப் போகும் மறையாக்கத் தொடர்பைக்கூட இடைமறிக்க வழி பிறந்துவிட்டது. நீங்கள் வெற்று வன்தட்டோடு கணினிகளைப் பெற்றது ஒரு வகையில் நல்லதே.

செங்காந்தள் சொன்ன எழுத்து விவகாரத்தில் மட்டும் எனக்கு மறுப்பில்லை. எழுத்துருவையும் விசைப்பலகையையும் நான் நிரல் என்றே கணக்கில் வைக்க மாட்டேன். அவை திரையையும் சுட்டியையும் போல. மற்றவற்றில், உலாவி, உரைத்தொகுப்பி, பிடிஎஃப் படிப்பான், பொதிகளை நிறுவும் கருவி ஆகிய நான்கோடு நிறுத்திவிடுங்கள் என்பேன்.

குறுக்குவிசை:

மூல அடைவு சொல்வது வழங்கிக்குச் சரி. இணையம் கைப்பேசியில் சொட்டுச் சொட்டாக வரும் இடத்தில், பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்பது பதிலே ஆகாது. கோப்புக்குள் எல்லாம் இருக்கட்டும், நிறுவும்போது எது வேண்டும் என்று கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்வி கண்ணில் படும்படி கேட்கப்பட வேண்டும்.

படிப்பகத் தொண்டன்:

அனைவருக்கும் நன்றி. எட்டுக் கணினிகளிலும் விரிவான தேர்வோடு மறுபடி நிறுவிவிட்டேன். ஐபஸ் எம்17என் பொதியும் ஏறிவிட்டது. "அம்மா" என்று தட்டும்போது மகரத்தின்மேல் தானாகப் புள்ளி விழுந்ததைப் பார்த்து ஆசிரியர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகளிர் குழுக் கணக்கு இரண்டு நாள் தாமதமாக அச்சாகிப் போனது.

மூல அடைவு சொன்னதை மதித்து, யாரும் தொடப்போவதில்லை என்று தோன்றிய சிலவற்றை நீக்கினேன். விளையாட்டுகளையும் நீக்கத்தான் நினைத்தேன். அன்று மாலை, இதுவரை சுட்டியையே தொட்டிராத குழுத் தலைவி சீட்டாட்டத்தைத் திறந்து, கறுப்பு ஏழைப் பிடித்து இழுத்துச் சிவப்பு எட்டின்மேல் கொண்டுபோய் விட்டார். முதல் நான்கு முறை சீட்டு பாதி வழியில் நழுவித் திரும்பிப் போனது. ஐந்தாம் முறை உட்கார்ந்தது. அரை மணி நேரம் கழித்து, அட்டவணையில் ஒரு பத்தியை அவரே இழுத்து அகலப்படுத்தினார். அதனால் சீட்டாட்டம் மட்டும் இருக்கிறது.