இ.இ.சி.பி. படுக்கையில் ஏறும் முன்

சிகிச்சையாளர், கோவை:

ஒன்பது ஆண்டுகளாக இ.இ.சி.பி. அறையில் வேலை பார்க்கிறேன். கால்களில் காற்றுப் பட்டைகளைச் சுற்றி, இதயத் துடிப்புக்கு ஏற்ப இறுக்கித் தளர்த்தி, இதயத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் நெஞ்சுவலிச் சிகிச்சை இது. ஒரு நோயாளியை எப்படி ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அரைஞாண் கயிறு.

அவர் அறுபத்தெட்டு வயது விவசாயி. பைபாஸ் செய்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கவும் வழியில்லை. நான்கு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எக்கோவில் பெருந்தமனி வால்வுக் கசிவு இல்லை. கால் சிரைகளில் ரத்தக்கட்டி இல்லை, வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கமும் இல்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கெண்டைக்கால், தொடை, பிட்டம் மூன்றிலும் பட்டைகளைச் சுற்றி இயந்திரத்தை ஓட்டினேன். ஒரு மணி நேரமும் அவர் வாய் திறக்கவில்லை. எழுந்தபோது இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு வரி. அரைஞாண் கயிறு பட்டைக்குள் இறங்கி மாட்டியிருந்தது. அதில் கோத்திருந்த தாயத்தின் வட்டம் அப்படியே பதிந்து, தோல் உரிந்திருந்தது.

“வலித்திருக்குமே, ஏன் ஐயா சொல்லவில்லை?” என்றேன்.

“வைத்தியம் என்றால் வலிக்கத்தானே செய்யும் தம்பி” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கும் ஒவ்வொரு கணமும் பட்டைகள் கீழிருந்து மேலாக இறுகுகின்றன. அது சுருங்கப் போகும் முன் சட்டெனத் தளர்கின்றன. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 4,200 முறை. அழுத்தம் 300 மி.மீ. பாதரசம் வரை போகும். துணியில் ஒரு மடிப்பு, பையில் மறந்துபோன ஒரு சாவி, எதுவானாலும் தோலில் அத்தனை முறை குத்தும். 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 139 நோயாளிகள் இருந்தார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்று காட்டிய ஆய்வு அது. கால்வலி, தோல் உரசல் போன்ற தொல்லைகள், ஒப்பிடுவதற்காகப் பெயருக்கு லேசாக இறுக்கப்பட்டவர்களைவிட முழு அழுத்தம் பெற்றவர்களிடமே அதிகம் என்று சொன்னதும் அதே ஆய்வுதான்.

புண் ஆறும்வரை அவருடைய சிகிச்சை நின்றது. கயிற்றை அறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுக்க அவரும் சம்மதித்திருக்க மாட்டார். அவருடைய மனைவிதான் தாயத்தை அவிழ்த்து அவர் கையில் கட்டிவிட்டு, கயிற்றை வயிற்றுக்கு மேலே ஏற்றி முடிந்தார். இப்போது யார் வந்தாலும் முதலில் இடுப்பைத்தான் கேட்கிறேன். பிறகு கொலுசு, பை, உள்ளாடையின் தடித்த தையல். மடிப்பில்லாத இறுக்கமான கால்சட்டைக்கு மேல்தான் பட்டை சுற்றுகிறேன். அந்தத் துணியைக் கையால் ஒருமுறை நீவிப் பார்க்காமல் இறுக்குவதில்லை.

பலர் ரத்தப் பரிசோதனைக்கு வருவதுபோல வெறும் வயிற்றில் வந்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது ஆபத்து. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும். வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. நீர் மாத்திரையை எந்நேரம் போடுவது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். காலிலிருந்து ரத்தம் மேலேறுவதால் பாதியிலேயே சிறுநீர் முட்டும். உணர்வு இல்லாவிட்டாலும் ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்த பிறகே படுக்கை.

மகள், திருச்சி:

மேலே எழுதிய சகோதரருக்கு நன்றி. அம்மாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்வு குறைவு. காலில் கொப்புளம் வந்தால் அவருக்கே தெரியாது. தெரிந்தாலும், பட்டை சுற்றும் ஆண் ஊழியரிடம் முழங்காலுக்கு மேலே காட்டிச் சொல்ல மாட்டார். என்ன உடை வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் புடவையோடு போய் நின்றோம். ஒரு திரைக்குப் பின்னால் அவசர அவசரமாக யாருடைய கால்சட்டையையோ மாட்டிவிட்டார்கள். அம்மா அழுதுவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். தினமும் மாலையில் டார்ச் அடித்து இரண்டு கால்களையும், விரலிடுக்கு உட்பட, நானே பார்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்க அவர் வார்ஃபரின் எடுக்கிறார் என்பதையும் நான்தான் சொன்னேன். உடனே ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்தார்கள், அளவு கூடுதலாக, அதாவது ரத்தம் உறையத் தாமதமாகும் நிலையில், இருந்ததால் அது இறங்கும்வரை தள்ளிவைத்தார்கள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் கால் முழுக்கத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றியிருக்கலாம். மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சிகிச்சை பெற்றவர், சேலம்:

வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 35 மணி நேரம் என்று சொன்னார்கள். எப்போது மாற்றம் தெரியும் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் நாளும் அதே நெஞ்சு இறுக்கம். விட்டுவிடலாம் என்று பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு செவிலியர் போனில் அழைத்து, “ஐயா, பலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். சிலருக்குப் பலன் இல்லாமலும் போகலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அந்த உண்மைக்காகவே திரும்பிப் போனேன். நாலாவது வாரம் தெருமுனைப் பால் கடைவரை நிற்காமல் நடந்தேன்.

சிகிச்சையாளர், கோவை:

சகோதரி, அந்தத் திரைக்குப் பின்னால் நடந்தது எங்கள் அறையிலும் நடந்திருக்கிறது. நாளையிலிருந்து கால்சட்டையை முதல் சந்திப்பிலேயே அளவு பார்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். ஐயா, அந்த இரண்டு மூன்று வாரக் கணக்கையும், பலன் இல்லாமல் போகலாம் என்பதையும் பட்டையைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.