புதுப்பிப்பு: பெரு பயணத்துக்கு முன் படித்தவை

பெருவுக்குப் புறப்படுமுன் எவற்றையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி வரலாற்றிலிருந்து தொடங்கியதில் பயணத் திட்டமே மாறிவிட்டது. மலைமேல் உள்ள பழைய நகரமான மச்சு பிச்சுவைவிட இப்போது குஸ்கோ நகரின் கொரிக்காஞ்சாவே என்னை அதிகம் ஈர்க்கிறது. ஸ்பானியர் வருமுன் பெருவை ஆண்ட இன்காக்களின் அந்தச் சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர் சாந்தோ தொமிங்கோ மடத்தை எழுப்பினார்கள். 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மடம் பெரிதும் சேதமடைய, சாந்து பூசாமல் இழைத்து அடுக்கிய இன்காச் சுவர்கள் உறுதியாக நின்று வெளிப்பட்டன. குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலும் மச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டரிலும் இருப்பதால், முதலில் தாழ்வான உருபம்பா பள்ளத்தாக்கில் தங்கி, காற்று குறைந்த உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொண்டு, குஸ்கோவைக் கடைசியில் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அப்போதுதான் ஜூன் 24 அன்று அங்கே இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் நிகழ்த்தப்படும் இன்டி ராய்மி சூரிய விழாவையும் காண முடியும். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு நேரமும் பாதையும் குறித்தே தரப்படுவதால், அதை இப்போதே எடுத்துவிட்டேன்.